உத்தரத்தின் நுனி

வங்கியின் வேல்யூவர், நாங்கள் அமர்த்திய இன்ஜினியர், பாதி முதல் போடும் என் அக்கா. மூவரையும் ஒரே காலையில் வரச் சொல்லியிருந்தேன். புதுச்சேரி வைசியாள் வீதிக்குப் பக்கத்தில், திண்ணையும் தாழ்வாரமும் முற்றமுமாக நாங்கள் வாங்க நினைத்த ஒரு பழைய தமிழ் வீடு.

வேல்யூவர் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார். நாடா பிடித்து அளந்தார், நான்கெல்லையைப் பத்திரத்தோடு ஒப்பிட்டார். "மனைக்குத்தான் சார் மதிப்பு. கட்டடத்துல தேய்மானம் கழிச்சா ஒண்ணும் நிக்காது" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. விற்றால் என்ன தேறும் என்பதுதான் வங்கியின் கேள்வி. 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கடன் என்றால் மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. முத்திரைத்தாள், பதிவுச் செலவு அந்தக் கணக்கில் வராது. எல்லாம் கைக்காசு, பழுதுபார்க்கும் செலவு உட்பட.

இன்ஜினியர் ஏணியில் ஏறி, உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். நடுவில் தேக்கு கல்லாக இருந்தது. நுனியில் இரண்டு அங்குலம் சத்தமே இல்லாமல் இறங்கியது; மாவு கொட்டியது. எட்டு உத்தரத்தில் மூன்று இப்படி. "சுண்ணாம்புத் தளத்து மேல சிமெண்ட் பூசியிருக்காங்க. ஈரம் வெளியேற வழியில்லாம கட்டைக்கு இறங்கிடுச்சு" என்றார். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையின் பழைய நகராட்சிக் கட்டடமான மேரி சரிந்து விழுந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. இதே வைசியாள் வீதியைச் சீரமைத்ததற்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்ததும் நினைவுக்கு வந்தது. பக்குவமாகப் பார்த்தால் இந்த வீடுகள் நிற்கும்.

முன்பணம் கொடுத்த பிறகு இன்ஜினியரைத் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். மூலப்பத்திரம் வேறு பிரெஞ்சில் இருக்கிறது. மொழிபெயர்ப்பும் வாரிசுகள் அத்தனை பேரின் கையெழுத்தும் வந்தால்தான் வங்கி வக்கீல் சம்மதிப்பார்.

"டேய், செலவு எகிறினா யார் போடுறது?" என்றாள் அக்கா. கூடப் பிறந்தவர்கள்தானே என்று இதை நாங்கள் பேசாமலே விட்டிருந்தோம்.

திண்ணையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். "உத்தரம் மூன்று, பாதிப் பாதி" என்று எழுதி, பக்கத்தில் தொகைக்கு இடம் விட்டாள்.