தவணையில் வந்த உண்மை

2011-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள். அருள்புரத்துச் சாயப்பட்டறைகளின் புகைபோக்கிகள் புகையற்று நின்றன. நொய்யல் நஞ்சாகியதால், திருப்பூர் வட்டாரத்தின் 700-க்கு மேற்பட்ட பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் சனவரி 28-ஆம் நாள் ஆணையிட்டிருந்தது. வேலையிழந்த தோழர்கள் விடியற்காலையிலேயே நம் படிப்பகத்து வாயிலில் கூடினர். பட்டறை திறக்குமா என்று கேட்கவா? அல்ல! இன்று எந்த மடல் வெளிவந்தது என்று கேட்க!

அமெரிக்கத் தூதரகத்தார் ஊரறியாமல் தம் அரசுக்கு அனுப்பிய மடல்களில், இந்தியா பற்றிய 5,100 மடல்களை விக்கிலீக்சிடம் பெற்ற 'தி இந்து' ஏடு, மார்ச் 15 முதல் நாளுக்குச் சிலவாக வெளியிட்டு வந்தது. ஆங்கிலத்தை நாம் தமிழாக்கிச் சொல்வோம். 2009 திருமங்கலம் இடைத்தேர்தலில் பணம் உறையிலிடப்பட்டு, காலை ஏட்டுக்குள் செருகி வழங்கப்பட்டதாக ஒரு மடல் கூறியது. கேட்ட தோழரொருவர் நம் கையிலிருந்த ஏட்டை வாங்கி உதறிப் பார்த்தார்! அடுத்து, 2008 நம்பிக்கை வாக்கெடுப்புப் பற்றிய மடல், நாடாளுமன்றம் அமளிப்பட்டது. "நாளை யார் முறை?" என்று கேட்டபடியே கலைவோம். சட்டமன்றத் தேர்தலோ ஏப்ரல் 13-இல்!

அதே ஆண்டு செப்டம்பர் 2-இல், விக்கிலீக்ஸ் தன்னிடமிருந்த 2,51,287 மடல்களையும் பெயர் மறைக்காது கொட்டிவிட்டது. படிப்பகத்தில் அதைக் கேட்பாரில்லை. சொட்டுச் சொட்டாக வந்தபோது வாய் திறந்து காத்திருந்த நாம், வெள்ளம் வந்தபோது கரையேறிப் போனோம். ஏட்டின்மீது பழியில்லை, சரிபார்க்க அதற்கும், சிந்திக்க நமக்கும் நாள் வேண்டுமன்றோ? ஆயினும் இன்று எதைப் பேசுவது என்பதை எவரோ எங்கோ முடிவுசெய்ய, அதையே நம் சிந்தனையென்று நம்பினோமே!

அந்த மார்ச்சிலேயே ஓர் அம்மையார் நம்மை இடித்துரைத்தார். சாயப்பட்டறையில் துணி உலர்த்தியவர். "ஏங் கண்ணு, அமெரிக்காக்காரன் காயிதமெல்லாம் படிக்கறீங்க. நம்ம பட்டறையைச் சாத்தச் சொன்ன காயிதத்துல என்ன எழுதியிருக்குது?"

நாம் வாயடைத்து நின்றோம். அந்த ஆணையை எவரும் ஒளிக்கவில்லை, கசியவிடவுமில்லை. அதனாலேயே நாம் தேடவில்லை!

மறுவாரம் அதன் படியைப் பெற்று, நாளுக்கு இரண்டு பக்கமாகப் படித்தோம். ஆம், அதே தவணை வித்தைதான்! முதல் நாள் நால்வர் வந்தனர். மூன்றாம் நாள், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற இடம் வந்தபோது, சாய மாஸ்டர் ஒருவர் எழுந்து, உப்பு எங்கே தங்கும் என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்து காட்டத் தொடங்கினார். அம்மையார் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.