வாழ்ந்தோமா, வாழ்கிறோமா?

எங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய கோடையில், கல்லூரிச் சேர்க்கைக்கு டொமிசைல் சான்றிதழ் வேண்டியிருந்தது. மகாராஷ்டிர மாநிலத்தில் 15 ஆண்டுகளுக்குக் குறையாமல் வாழ்ந்து வருபவர் என்பதற்கு அதுவே சான்று. கல்யாணில் குடியேறிய நம்மவருள் அதற்காக அலையாதவர் சிலரே. விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய உறுதிமொழியை, "ஆங்கிலம் நமக்குத் தெரியாததா?" என்ற எண்ணத்தினால் எவரையும் கேளாமல் நாங்களே எழுதினோம். 'வீ லிவ்டு இன் கல்யாண் ஃப்ரம் 1998' என்பது அதன் முதல் வரி.

எழுத்தர் அதனைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அப்படியானால் இப்போது எங்கே வசிக்கிறீர்கள்?" என்று மராத்தியில் வினவினார். "இங்கேதான்" என்றோம். "உங்கள் தாள் அப்படிச் சொல்லவில்லையே!" என்று அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மீண்டும் எழுதி, மீண்டும் வரிசையில் நின்று, சான்றிதழ் கைக்கு வர இரண்டு வாரம் கூடுதலாயிற்று. கல்லூரி குறித்திருந்த கடைசி நாளுக்கு முந்தைய மாலையில்தான் அது வந்தது. அந்த இரண்டு வாரமும் மகள் எங்களை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அந்த மௌனமே எங்களை மிகவும் சுட்டது.

பிழை எங்கே பிறந்தது என்று பிறகு ஆராய்ந்தோம். கை ஆங்கிலத்தில் எழுதினாலும் மனத்தில் ஓடியது தமிழன்றோ? '1998 முதல் கல்யாணில் வாழ்ந்து வருகிறோம்' என்பதே எங்கள் கருத்து. அதில் 'வாழ்ந்து' என்பது இறந்தகாலம் காட்டும் எச்சம். 'வருகிறோம்' என்பது நிகழ்காலம் காட்டும் முற்று. நாங்கள் முன்னதை மட்டும் ஆங்கிலமாக்கி, பின்னதைக் கைவிட்டுவிட்டோம். வாழ்ந்ததைச் சொன்னோம்; வாழ்வதைச் சொல்லவில்லை. எழுத்தர் கேட்டதில் தவறொன்றும் இல்லை.

தொல்காப்பியர் காலம் முதலே நம் இலக்கணம் காலத்தை மூன்றாகப் பகுத்திருக்கிறது. த், ட், ற், இன் என்பன இறந்தகாலத்தையும், ஆநின்று, கின்று, கிறு என்பன நிகழ்காலத்தையும், ப், வ் என்பன எதிர்காலத்தையும் காட்டும் இடைநிலைகள் என்று நன்னூல் கூறும். ஆங்கில வினையோ தன் உருவத்தினால் காட்டுவது நிகழ்காலம், இறந்தகாலம் என்னும் இரண்டையே. எதிர்காலத்துக்கு 'வில்' போன்ற துணைச்சொல்லை நாடுகிறது. இரண்டுதானே என்று எளிதாக எண்ணிவிடலாகாது. அவ்விரண்டையும் துணைவினைகளோடு சேர்த்து அம்மொழியினர் மிக நுட்பமாகப் பகுத்து வைத்திருக்கின்றனர். நம் இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் நிகழ்காலத்தைக் காண்போம். கல்யாண் நிலையத்தில் புகைவண்டிக்குக் காத்திருக்கையில், "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்கிறார். தமிழில் இவ்வினா பிறந்த ஊரையும் குறிக்கும். அன்றைய பயணத்தையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு. 'ஐ கம் ஃப்ரம் திருநெல்வேலி' என்றால் அதுவே நம் ஊர் என்று பொருள். கல்யாணில் கால் நூற்றாண்டு கழித்த பின்னும் அது மெய்யாகவே இருக்கும். 'ஐ ஆம் கமிங் ஃப்ரம் திருநெல்வேலி' என்றாலோ, இப்போதுதான் வண்டியிலிருந்து இறங்குகிறோம் என்று பொருள்; கேட்பவர் நம் பெட்டி படுக்கையைத் தேடுவார்! நிலையானதற்கும் வழக்கமானதற்கும் தனி வினை. இக்கணம் நடந்துகொண்டிருப்பதற்கு 'இங்' சேர்ந்த வினை. இதுவே அடிப்படை.

இனி இறந்தகாலம். 'வீ கேம் டு கல்யாண் இன் 1998' என்பது முற்றிலும் சரி. வருகை அன்றே முடிந்துவிட்டது, ஆண்டும் குறிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அன்று தொடங்கி இன்றும் முடியாத ஒன்றைச் சொல்லும்போது 'ஹேவ்' துணைக்கு வர வேண்டும். 'வீ ஹேவ் லிவ்டு இன் கல்யாண் சின்ஸ் 1998' என்று எழுதியிருந்தால் எங்கள் தாள் திரும்பி வந்திராது. தொடக்கத்தைக் குறிக்கும் நம் 'முதல்' என்பதற்கு 'சின்ஸ்'. நீளத்தைக் குறிக்கும் '25 ஆண்டுகளாக' என்பதில் உள்ள 'ஆக' என்பதற்கு 'ஃபார்'. மராத்தியிலும் இவ்விடத்தில் நிகழ்காலமே வரும். ஆதலால் அண்டை வீட்டு மராத்தியரும் நம்மைப் போலவே இடறுகின்றனர். மறுபுறம், நேற்று, சென்ற ஆண்டு என்று முடிந்துபோன நாளைச் சொல்லிவிட்டால் அங்கே 'ஹேவ்' வருதல் கூடாது.

நம் பிள்ளைகள் 'டிட் நாட் வென்ட்' என்று சொல்வதும் உண்டு. அவர்களைக் கடியாமல், "போகவில்லை என்பாயா, போனேனில்லை என்பாயா?" என்று தமிழில் கேட்டுப் பாருங்கள். 'போகவில்லை' என்பதில் 'போக' காலம் காட்டுவதில்லை. அதுபோலவே 'டிட்' காலத்தைத் தாங்கிக்கொண்டபின், 'கோ' என்ற வினை காலச் சுமையின்றி நிற்கும் என்று சொன்னால் குழந்தைக்கு எளிதில் விளங்கும். தாய்மொழி இவ்வாறு துணை நிற்கும்போது அதனை ஒதுக்கிவிட்டு ஆங்கிலம் கற்பிப்பானேன்?

இன்னொன்று. மாலையில் வண்டி தாகுர்லியில் நிற்கும்போதே மகள் கைபேசியில், "வந்துவிட்டேன், அம்மா" என்கிறாள். வராதவள் வந்துவிட்டதாகச் சொல்வது பொய்யன்று. விரைவு பற்றி எதிர்காலத்தை இறந்தகாலமாகக் கூறுவதை நம் இலக்கண நூலார் கால வழுவமைதி என்று ஏற்றுக்கொண்டனர். அதனையே ஆங்கிலத்தில் 'ஐ கேம்' என்றால் பொருந்தாது. 'ஐ ஆம் கமிங்' என்றோ, 'ஐ ஆம் ஆல்மோஸ்ட் ஹோம்' என்றோதான் கூற வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனிக் கடிகாரம் உண்டு போலும்.

அன்று திரும்பி வந்த தாளை நாங்கள் கிழித்தெறியவில்லை. ஊரிலிருந்த பூர்வீக வீட்டை விற்றுவிட்டோம். அதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால் இனி 'ஹேட்' என்றே எழுத வேண்டும். முதல் முறை அச்சொல்லை எழுதியபோது கை சற்றே தயங்கியது. ஆனால் 'ஹேவ் லிவ்டு' என்ற தொடரில் ஓர் ஆறுதல் இருக்கிறது. சென்ற காலத்தை விட்டுவிடாமல் இன்றைய நாளோடு இணைத்துச் சொல்லும் தொடர் அது. ஊரை மறவாமல் இங்கே வேரூன்றிய நம் குடும்பங்களுக்கு அதைவிடப் பொருத்தமான வினை வேறு யாது?

ஆகவே, அடுத்த முறை விண்ணப்பம் எழுதும்போது, கையெழுத்திடுவதற்கு முன் வினைச்சொற்களை மட்டும் தனியே ஒருமுறை படித்துப் பாருங்கள். முடிந்ததா, தொடர்கிறதா என்று ஒவ்வொன்றையும் தமிழில் கேளுங்கள். விடை தமிழில் தெளிந்தால், ஆங்கிலத்திலும் தெளியும்.