இலவசமா கிடைக்கிறது வேற, திறந்து கிடக்கிறது வேற

1/
திருவள்ளூர் மாவட்டத்துல ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பக்கம் போனவங்களுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம்தான். நான் அந்தப் பக்கத்துக்காரன். இப்ப மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். இன்னைக்கு நோயைப் பத்தி இல்ல, பாடப்புத்தகத்தைப் பத்திப் பேசலாம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

2/
எம்.பி.பி.எஸ். முதல் வருஷத்துல உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல்னு மூணு பாடம். மூணுக்கும் தடித்தடியா ஆங்கிலப் புத்தகம். தறி வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? சீனியர்கிட்ட பழைய புத்தகம் கேட்கும். கிடைக்கலன்னா ஜெராக்ஸ் கடை. உங்களுக்கு ஊசி போடுற டாக்டர்கள்ல நிறைய பேர் ஜெராக்ஸ்ல படிச்சு வந்தவங்கதான்.

3/
"அது தப்பில்லையா டாக்டர்?"னு கேட்பீங்க. 2012-ல ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ்னு மூணு பதிப்பகங்கள் டெல்லி பல்கலைக்கழகத்து மேலயும் அங்க இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மேலயும் வழக்கு போட்டாங்க. பாடத்திட்டத்துல உள்ள பக்கங்களை மட்டும் தொகுத்து மாணவர்களுக்கு வித்தாங்க என்பதுதான் புகார். 2016 செப்டம்பர்ல டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செஞ்சது. பாடம் நடத்தறதுக்காக எடுக்கிற நகலுக்குக் காப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவே இடம் கொடுக்குதுன்னு சொன்னாங்க. மேல்முறையீட்டுலயும் அந்தக் கருத்து நின்னுச்சு. 2017 மார்ச்ல பதிப்பகங்களே வழக்கை வாபஸ் வாங்கிட்டாங்க.

4/
நல்ல தீர்ப்புதான். ஆனா நகல் எடுக்கிறதோட அது நின்னுடுது. அந்தப் பக்கத்தைத் தமிழாக்கி, நம்ம ஊர் உதாரணம் சேர்த்து, எல்லாருக்கும் வெளியிட அந்தத் தீர்ப்பு அனுமதி தரல. அதுக்குத்தான் "திறந்த கல்வி வளம்". 2002-ல யுனெஸ்கோ கூட்டத்துல பிறந்த சொல் இது. எழுதினவரே "படிங்க, நகலெடுங்க, திருத்துங்க, மொழிபெயர்த்துக்குங்க, பகிருங்க, என் பேரை மட்டும் போடுங்க"னு முன்கூட்டியே அனுமதி எழுதி வெச்சிடுவார். விக்கிப்பீடியா ஓடுறதும் இந்த மாதிரி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துலதான்.

5/
இது ஏன் இப்ப முக்கியம்? 2020-ல தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்கள்ல 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது. அதுல வர்ற பிள்ளைகள் பலர் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ்வழி. பாடம் புரியாம இல்ல, வாக்கியம் புரியாம தவிக்கிறாங்க. ஒவ்வொரு பேட்சும் தனியா உட்கார்ந்து ஓரத்துல பென்சில்ல தமிழ்க் குறிப்பு எழுதிக்குது. தேர்வு முடிஞ்சதும் அது பழைய பேப்பர் கடைக்குப் போயிடுது.

"தமிழ்ல மருத்துவமா?"னு சிரிக்காதீங்க. 1847-ல இலங்கை வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், யாழ்ப்பாணம் மானிப்பாய்ல தமிழ்லயே மருத்துவம் சொல்லிக் கொடுத்திருக்கார். பாடநூல்களையும் தமிழாக்கினார்.

6/
நான் வகுப்புல செய்யறதைச் சொல்றேன். "இரைச்சலால் வரும் காது கேளாமை" பத்திக் கட்டுரை எழுதச் சொன்னா, எல்லாரும் ஒரே புத்தகத்தைப் பார்த்து எழுதுவாங்க. நான் மார்க் போடுவேன், அதோட அது குப்பை. அதனால மாத்தினேன். "தறி ஓட்டுறவங்க படிக்கிற மாதிரி ஒரே பக்கம். தமிழ்லயும் தெலுங்குலயும். திறந்த உரிமத்தோட."

தறி இரைச்சல்ல காது முதல்ல அடி வாங்குறது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியில. சாதாரணப் பேச்சு ஆரம்பத்துல ஓரளவு கேட்கும், அதனால தெரியாது. தெரியும்போது உள்காதுல செத்துப்போன மயிர்செல்கள் திரும்ப முளைக்காது. மாணவர்கள் இதை நல்லாவே எழுதினாங்க.

ஒரு மாணவி அதைத் தன் தெருவுல படிச்சுக் காட்டினா. ஒரு அக்கா கேட்டாங்களாம்: "பஞ்சு வெச்சுக்கிட்டா போதுமா பாப்பா?" நாங்க கையில வெச்சிருந்த புத்தகத்துல அந்தக் கேள்வியே இல்ல. பதில்: போதாது. வெறும் பஞ்சு சத்தத்தைப் பெருசா குறைக்காது. காதுக்குள்ள இறுக்கமா பொருந்துற காதடைப்பான் வேணும். அடுத்த பேட்ச் அந்த வரியை அதே பக்கத்துல சேர்த்தது. முந்தின பேட்ச் விட்ட இடத்துல இருந்து இவங்க ஆரம்பிச்சாங்க. திறந்த கல்விங்கறது எனக்கு இதுதான்.

7/
மருத்துவத்துல ஒரு எல்லை உண்டு. பாடம் திறந்து கிடக்கலாம், நோயாளி திறந்து கிடக்கக் கூடாது. சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் படத்தை வெளியிடறதுக்குச் சம்மதம் ஆகாது. முகத்தை மறைச்சாலும், சின்ன ஊர்ல கையில இருக்கிற பச்சையை வெச்சே ஆளைச் சொல்லிடுவாங்க. அப்புறம், பிள்ளைங்க எழுதினதை ஒரு ஆசிரியர் சரிபார்க்காம வெளிய விடக் கூடாது.

8/
இதைப் படிக்கிற ஆசிரியர்களுக்கு: உங்க நோட்ஸ்ல எதுவுமே எழுதலன்னா, சட்டப்படி அது பூட்டின நோட்ஸ்தான். வாட்ஸ்அப்ல அனுப்பிட்டதால திறந்துடாது. நோட்ஸ் உங்க சொந்த எழுத்துதானா, கல்லூரி விதி இடம் கொடுக்குதான்னு பார்த்துட்டு, உரிமம் பத்தி ஒரு வரி சேருங்க. மாணவர்களுக்கு: உங்க பென்சில் குறிப்பை ஜூனியருக்குக் கொடுங்க. மத்தவங்களுக்கு: அரசுக் கல்லூரிகள் உங்க வரிப்பணத்துல ஓடுது. அங்க எழுதப்படற பாடம் உங்க வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்கணும்னு கேளுங்க, அது உங்க உரிமை.