சிங்கியின் கால்

தென்காசியில் குடியிருந்துகொண்டு குற்றாலத்தைப் பற்றி எழுதாமல் வாத்தைப் பற்றி எழுதினால் சிநேகிதர்கள் கோபித்துக்கொள்வார்கள். சாரலையும் அருவியையும் எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். 1954-ல் காலமான ரசிகமணி டி. கே. சி. குற்றாலத்து வீட்டில் இருந்துகொண்டு அந்த ஊரை ரசிப்பதற்கென்றே ஒரு தனி வழியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் வாத்தின் உள்ளங்காலைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலையும் கொஞ்சம் அதிகம்.

மாசி மாதத்தில் பிசான அறுவடை முடிந்ததும் எங்கள் பக்கத்து வயல்களுக்கு வாத்துக் கூட்டம் வந்துவிடும். ஆயிரம், இரண்டாயிரம் என்று வரும். முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். கையில் நீளக் கம்பு. தாளடியில் சிந்திய நெல்லையும் நத்தையையும் பூச்சியையும் வாத்துகள் பொறுக்கித் தின்னும். ராத்திரி வலைப்பட்டியில் அடைத்துவிடுவார்கள். விடியுமுன் முட்டையைப் பொறுக்கியாக வேண்டும். தமிழ்நாட்டு நாட்டு வாத்துகளை ஆரணி, சன்யாசி, கீரி என்று வகை பிரிக்கிறார்கள். வாத்துக்குச் சன்யாசி என்று பேர் வைத்தவன் ரொம்பக் குறும்புக்காரனாக இருந்திருக்க வேண்டும். அதைப்போல் குடும்பப் பற்றுள்ள பிராணியை நான் பார்த்ததில்லை.

அப்படி வந்த கூட்டத்திலிருந்துதான் என் மகள் அடம்பிடித்து இரண்டு குஞ்சுகள் வாங்கினாள். அந்தச் சமயத்தில் நான் ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’யைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் எங்களுக்கு ஊர்க்காரர்தானே! ஆகவே ஆணுக்குச் சிங்கன், பெண்ணுக்குச் சிங்கி என்று பெயரிட்டேன். பறவை பிடிக்கிறவன் பெயரைப் பறவைக்கே வைப்பது நியாயமா என்று மனைவி கேட்டாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

வீட்டின் பின்கட்டு முற்றத்திற்கு அந்த வருஷந்தான் சிமெண்டு போட்டிருந்தேன். மழைக்காலத்துச் சேற்றிலிருந்து விடுதலை! வருகிறவர்களையெல்லாம் அழைத்துப்போய்க் காட்டுவேன். அந்த வழவழப்பான தரையில்தான் சிங்கனும் சிங்கியும் வளர்ந்தன. பின்திண்ணை மூன்றடி உயரம். மாலையில் மகள் சிங்கியைத் தூக்கித் திண்ணையில் விடுவாள். அது சிறகை விரித்துக்கொண்டு ‘தொப்’பென்று தரையில் குதிக்கும். அவள் கைதட்டுவாள். நானும் தட்டியிருக்கிறேன். பழையது, முறுக்குத் தூள், மிஞ்சிய இட்லி என்று தின்னக் கொடுத்து அதைப் பூசணிக்காய் மாதிரி ஆக்கிவிட்டோம்.

ஆவணி மாதத்தில் சிங்கி நொண்ட ஆரம்பித்தது.

முள் தைத்திருக்கும் என்று நினைத்தேன். சந்தையில் கோழியைத் தூக்குகிறார்களே, அதுபோல் இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் பார்த்தேன். வாத்தை அப்படித் தூக்கவே கூடாது என்பது பின்னால் தெரிந்தது. அதன் கால் கோழியின் காலைப்போல் உறுதியானதல்ல, சுலபத்தில் பிசகிவிடும். சிறகுகள் உடம்போடு ஒட்டியிருக்கும்படி அணைத்து, அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். உள்ளங்காலில் மிளகளவு ஒரு கரும் பொருக்கு இருந்தது. சுற்றிலும் வீக்கம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டேன். ஒன்பது நாள் போட்டேன். வீக்கம் சுண்டைக்காயளவு ஆயிற்று. சிங்கி ஒரே காலில் நின்றது. பிறகு அதுவும் இல்லாமல் உட்கார்ந்துவிட்டது.

அடுத்த வீட்டுக்காரர் சுவருக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்தார்.

“நாளைக் கடத்தாதீங்க அண்ணாச்சி. இளைச்சுப் போச்சுன்னா ஒண்ணுத்துக்கும் ஆகாது. ஞாயித்துக்கிழமை வருதுல்லா?”

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் மறுக்கவில்லை. “பார்க்கலாம்” என்றேன். எங்கள் ஊரில் ‘பார்க்கலாம்’ என்றால் பாதி சம்மதம். திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் மகள் நிற்கிறாள். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. அன்று ராத்திரி சாப்பிட வரவில்லை, அவ்வளவுதான். “நீங்க சொன்னதை அவ கேட்டுட்டா” என்றாள் மனைவி. கதைகளில் எத்தனையோ பேரை நான் ஈவிரக்கமில்லாத தகப்பன்களாக எழுதியிருக்கிறேன். அவர்கள் யாரும் ஒரு வாத்துக்காக அந்தப் பெயரை வாங்கியதில்லை.

காலையில் சிங்கியைக் கூடையில் வைத்துக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனோம். இளம் வயது டாக்டர் அம்மாள். காலைப் பார்ப்பதற்கு முன்பே, “வீட்டிலே என்ன தரை சார்?” என்று கேட்டார்.

“சிமெண்டுத் தரை. புதுசாப் போட்டது” என்றேன், பழைய பெருமை போகாமல்.

“அதான்” என்றார்.

அவர் விளக்கிய விஷயம் இது. வாத்தின் கால் சேற்றுக்கும் தண்ணீருக்கும் ஏற்பட்டது. கடினமான தரையில் நாளெல்லாம் நடந்தால் உள்ளங்காலின் தோல் தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். உடம்பு பருத்திருந்தால் பாரம் அதிகம். உயரத்திலிருந்து குதித்தால் கேட்கவே வேண்டாம். அந்தக் கீறல் வழியே கிருமி உள்ளே போய்விடுகிறது. பெரும்பாலும் ஸ்டபிலோகாக்கஸ் என்ற கிருமி. 1880-ல் ஸ்காட்லாந்தில் அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன் என்ற ரண வைத்தியர் மனிதர்களின் சீழில் கண்டுபிடித்ததும் இந்தக் கிருமியைத்தான். பூதக்கண்ணாடியில் திராட்சைக் குலை மாதிரி தெரிந்ததால் அந்தப் பெயர் வைத்தார். வாத்துக்கு வரும் இந்த வியாதியை ஆங்கிலத்தில் ‘பம்பிள்புட்’ என்கிறார்கள். நாம் கால் ஆணி என்று சொல்லலாம். ஆனால் ஆணியைவிட இது பொல்லாதது. கவனிக்காமல் விட்டால் நரம்புக்கும் எலும்புக்கும் இறங்கிவிடும்.

“சீழ் உடைஞ்சு வந்துடும்னு காத்திருந்தேன்” என்றேன்.

“பறவைக்குச் சீழ் ஒழுகாது சார். திரட்டுப்பால் மாதிரி கெட்டியாகி உள்ளேயே உட்கார்ந்துக்கும். நீங்க ஒரு வருஷம் காத்திருந்தாலும் வராது.”

வெதுவெதுப்பான தண்ணீரில் பேதி உப்பைக் கரைத்துக் காலை ஊறவைத்தார். எப்சம் உப்பு என்று கடையில் கேட்டாலும் கொடுப்பார்கள். பொருக்கு இளகியதும் சிறிய கத்தியால் நெம்பி எடுத்தார். மஞ்சளாக ஒரு முளை வந்தது. அதற்கு வேர் மாதிரி ஒரு வால். இவ்வளவையும் வைத்துக்கொண்டா இந்த ஜீவன் சத்தம் போடாமல் இருந்தது என்று எனக்குத் தொண்டை அடைத்தது. புண்ணை அயோடின் மருந்தால் கழுவி, துணி வைத்து, விரல்களுக்கு நடுவே மாற்றி மாற்றிச் சுற்றிக் கட்டுப்போட்டார். எடை பார்த்து ஊசி போட்டார். மருந்து கொடுக்கிற நாட்களிலும், பிறகு தாம் சொல்கிறவரையிலும், முட்டையைச் சாப்பிடக் கூடாது என்றார். நமக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துப் போடக்கூடாது என்றும், நாமே கத்தி எடுக்கக்கூடாது என்றும் இரண்டு தடவை சொன்னார். என் முகத்தைப் பார்த்தே அந்த எச்சரிக்கை அவசியம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

குஞ்சாக இருந்தபோது கால் வளைந்ததா என்றும் விசாரித்தார். வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்ற உயிர்ச்சத்து, கோழிக் குஞ்சுக்கு வேண்டியதைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு வேண்டுமாம். கோழித் தீவனத்தை மட்டும் போட்டு வளர்த்தால் கால் வில்லாக வளைந்துவிடும். பட்டாணி, மீன், ஈஸ்ட் கொடுத்து ஈடுகட்டலாம். கடலைப் பிண்ணாக்கு கொடுக்கலாமா என்று கேட்டேன். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கு வாத்துக்கு விஷம் என்றார். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகளும், கூடவே வாத்துக் குஞ்சுகளும் அப்படித்தான் செத்தனவாம்.

மூன்று வாரம் சிசுருஷை நடந்தது. தினம் என் பழைய வேஷ்டியில் சிங்கியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்வேன். மகள் காலை ஊறவைப்பாள். மனைவி மருந்து வைத்துக் கட்டுவாள். பிறகு மூவரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அந்தக் கிருமி நமக்கும் வரும். கட்டு நனையக்கூடாது என்பதால் குளிக்கிற தொட்டி கிடையாது. உலர்ந்த வைக்கோல் மெத்தை, தலை முழுகக் குடிதண்ணீர், அவ்வளவே. தனியாக வைத்தால் வாத்து தீனி எடுக்காது. நடுவில் வலை கட்டி அந்தப் பக்கம் சிங்கனை விட்டோம். ஆண் வாத்துக்குக் கம்மிய குரல். அந்தக் கம்மிய குரலில் ராத்திரியெல்லாம் என்னமோ கேட்டுக்கொண்டே இருந்தது. குறவஞ்சியில் சிங்கியின் காலில் கிடக்கும் சிலம்பைக் கண்டு சிங்கன் பாம்பென்று மயங்கி விசாரிப்பான் அல்லவா? இங்கே வெள்ளைத் துணிக்கட்டு.

நாலாவது நாள் கொத்தனாரைக் கூப்பிட்டனுப்பினேன்.

“நல்ல தரையை உடைக்கச் சொல்லுதியளே, என்ன அநியாயம்!” என்றார் அவர். அவர் கையால் போட்ட தரை. முக்கால்வாசியைப் பெயர்த்து மணலும் செம்மண்ணும் கொட்டினோம். துவைக்கிற கல்லைச் சுற்றி மட்டும் விட்டுவைத்தேன். தொட்டியை மேட்டிலிருந்து வடிகால் பக்கம் நகர்த்தினேன். ஏனென்றால் ஈரம் தேங்கி எச்சத்தோடு குழம்பினால் அதுவும் காலுக்குச் சத்துரு. திண்ணைக்குப் பலகைச் சரிவு வைத்தோம். முறுக்கு நின்றது. செலவுக் கணக்கை இங்கே எழுத மனைவியின் அனுமதி இல்லை.

அடுத்த மாசியில் வாத்துக்காரர் வந்தார். மகள் சிங்கியை முறைப்படி அணைத்துத் தூக்கி வந்து காட்டினாள். அவர் உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். காய்த்துப்போன ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

“எங்க கூட்டத்துல இப்படி வந்தா கறிக்குத் தள்ளிருவோம்யா. ரெண்டாயிரத்துல ஒண்ணு; யாரு கால் கழுவிக்கிட்டு இருக்க முடியும்?” என்றார். சற்று நேரம் கழித்து, “என்ன மருந்து போட்டீங்க?” என்று கேட்டார்.

சொன்னேன். பேதி உப்பு என்றதும் சிரித்தார். மனைவி ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள். அவர் அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டு நின்றார். அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். செருப்பில்லாத கால். குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் வெளுத்துக் கிடந்தது.

“இந்த உப்பு மனுசக் காலுக்கும் கேக்குமாய்யா?” என்றார்.

அதை டாக்டர் அம்மாளிடம் நான் கேட்டுக்கொள்ளவில்லை. உடைத்ததுபோக மிச்சமிருந்த சிமெண்டுத் தரையில் அவரை உட்காரச் சொன்னேன். மனைவி அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனாள்.