குரும்பையின் உட்பகை

தேங்காய் வியாபாரி எமது தோப்புக் காய்களிற் பாதியை ஒதுக்கி, சொறிபிடித்தவையென்று அரைவிலை கூறிய நாள்முதல், அச்சொறியின் காரணத்தை அறிய அவாவினோம். 1965-ல் மெக்ஸிகோவின் குவெரெரோ மாகாணத்துக் காய்களைக்கொண்டு முதன்முதல் விவரிக்கப்பெற்று, 1998-ல் கேரளத்திற் கண்டறியப்பட்ட ஈரியோபைட் சிலந்திப்பேனே அது.

முற்றிய காயில் அதனைத் தேடுதல் வீண், பெரும்பாலும் நீங்கியிருக்கும். ஆதலின் நான்கு மாதக் குரும்பையொன்றின் காம்படி இதழ்களை மெல்லப் பெயர்த்து நுண்ணோக்கியில் வைத்தோம். வெண்மையாய், புழுப்போல் நீண்டு, மில்லிமீட்டரிற் காற்பங்கேயுள்ள உருவங்கள் எண்ணிறந்தன நெளிந்தன! சிலந்தியினத்தார்க்கு எட்டுக் கால்கள் உரியனவாயிருக்க, இதற்கோ தலைப்புறத்தே நான்கே கால்கள். முட்டையினின்று வெளிப்பட்டு, இரண்டு இளம்பருவங்களைக் கடந்து முதிர்வதற்கு ஏறத்தாழப் பத்து நாட்களே செல்கின்றன. இவையாவும் அவ்விதழ்களின் கீழேயே நிகழ்கின்றன.

இளங்காயைக் காக்க அமைந்த மூடியே பகைக்கு அரணாயிற்று. தெளிக்கும் மருந்தும் அதனுட் புகுதல் அரிது. காற்றேறி வேறு குலைக்குச் செல்லும்போதுதான் பேன் வெளிப்படும். அது சாறுறிஞ்சிய இடம் இதழின் விளிம்பை அடுத்து வெண்முக்கோணமாய்த் தோன்றி, காய் பருக்கப் பருக்கப் பழுப்பேறி வெடிக்கின்றது.

அம்முக்கோணங்களை எந்தையார் இப்பொழுது தாமே எண்ணி வருகின்றார். சென்ற வாரம் ஒரே குலையில் 11.