சாயமும் கணக்கும்

காஸியோபியா ஏ என்கிற, வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் எக்ஸ் கதிர்ப் படத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் அதன் நிறத்தில் சொக்கிப்போகிறார்கள். எனக்கு அந்த நிறத்தின்மேல்தான் சந்தேகம். எக்ஸ் கதிர் கண்ணுக்கே தெரியாது. அதற்கு ஏது சிவப்பும் நீலமும்? 1999 ஜூலையில் விண்வெளிக்குப் போன, சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கி, படம் எடுக்கிறது என்பதைவிடக் கணக்கு எழுதுகிறது என்பதே சரி. ஒரு ஃபோட்டான் வந்தது. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு சக்தியோடு. பிறகு இன்னொன்று. இந்த ஜாபிதாவிலிருந்து, இடையில் புகுந்த அண்டக்கதிர்த் துகள்களைக் கழித்துவிட்டு, குறைந்த சக்திக்குச் சிவப்பு, கூடியதற்கு நீலம் என்று பெரும்பாலும் சாயமேற்றுகிறார்கள். (நம் கவிதைகளில் படிமம் ஏறுகிற விதமும் பல சமயம் இதுதான். அங்கே கழிப்பது மட்டும் நடப்பதில்லை.)

ஆனால் 1999 ஆகஸ்டில் வெளியான முதல் படத்திலேயே, நடுவில் ஒரு சிறு புள்ளி. அந்த வெடிப்பில் மிஞ்சிய நியூட்ரான் நட்சத்திரம். ஏறத்தாழ 11,000 ஒளியாண்டுத் தொலைவு. அதுவரை தேடியவர்களுக்கு அகப்படாதது. யாருடைய ரசனையும் அதை அங்கே வைக்கவில்லை. சாயத்தை முழுக்கச் சுரண்டிவிட்டு வெறும் ஜாபிதாவைப் பார்த்தாலும், அந்த ஓரிடத்தில் வரவு கூடுதலாகத்தான் இருக்கிறது.