தனியாகக் கரைந்தது, சேர்த்தால் கரையுமா?

உளுந்துக்கு டி.ஏ.பி. தெளிக்கும் பருவம் வந்தாலே எனக்கு ஒரு வயல் நினைவுக்கு வந்துவிடும்.

வேலையில் சேர்ந்த புதிது. டெல்டாவில் நெல் தரிசு உளுந்து பூ எடுத்திருந்தது. ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கித் தெளிக்க வேண்டும். இதுதான் 2 சதவீதக் கரைசல். அந்த வயலில் துத்தநாகக் குறைபாடும் தெரிந்தது. "ஒரே கூலியில் முடியட்டும், ஜிங்க் சல்பேட்டையும் கரைத்து இதிலேயே ஊற்றிவிடுங்கள்" என்றேன்.

ஊற்றியதும் தண்ணீர் சுண்ணாம்பு கரைத்தது போல வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் தெளிப்பான் நாசில் அடைத்துக்கொண்டது. "தனித்தனியா நல்லாத்தானே கரைஞ்சுது சார், சேர்த்தா ஏன் திரியுது?" என்றார் அந்தப் பெரியவர். எனக்குப் பதில் தெரியவில்லை. "உரம் கலப்படமாக இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவர் நேரே கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தார்.

இரவு கல்லூரிப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் உறைத்தது. உரத்தில் குற்றமில்லை. ஜிங்க் சல்பேட் தண்ணீரில் கரையும், டி.ஏ.பி.யும் அடியில் தங்கும் கசடு போக நன்றாகவே கரையும். ஆனால் இரண்டும் சேர்ந்தால் துத்தநாகமும் பாஸ்பேட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அப்படி உருவாகும் ஜிங்க் பாஸ்பேட் தண்ணீரில் கரையாது. கலக்குவதும் சூடும் கரையக்கூடிய உரத்தைச் சீக்கிரம் கரைக்கும். யூரியா கரையும்போது வாளி சில்லிட்டுப் போகும். அது தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்வதால்தான் குளிர்ந்த காலையில் கரைய நேரமாகிறது. ஜிங்க் பாஸ்பேட்டுக்கு இதெல்லாம் உதவாது. இரண்டு சத்தும் மண்டியாக அடியில் தங்கிவிடும்.

மறுநாள் கடைக்காரரிடமும் பெரியவரிடமும் தவறு என்னுடையது என்று சொன்னேன். பெரியவர் கோபப்படவில்லை. "தெரியலன்னு நேத்தே சொல்லியிருந்தா ஒரு சண்டை மிச்சம் சார்" என்றார். அன்றிலிருந்து தெரியாததைத் தெரியாது என்றே சொல்லி வருகிறேன்.

நீங்களும் இரண்டு உரங்களைச் சேர்க்கும் முன், தெளிக்கும் அதே அளவில் தனித்தனியாகக் கரைத்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். வெளுத்தாலோ மண்டி தங்கினாலோ சேர்க்காதீர்கள். சொட்டுநீரில் கால்சியம் நைட்ரேட்டுடன் சல்பேட் உரங்களையோ பாஸ்பேட் உரங்களையோ ஒரே தொட்டியில் கலக்கக் கூடாது என்பதும் இதனால்தான். நெல் நடவில் ஜிங்க் சல்பேட்டை மணலுடன் கலந்து இடுங்கள்; டி.ஏ.பி.யுடன் வேண்டாம்.